பழைய வண்டி வாங்கும் முன் ஓட்டப்போகிற பையனைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பழைய வண்டி வாங்குவது பற்றி ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். இன்ஜின் புகை, டயர் தேய்மானம், ஆர்.சி. புக், கடன் பாக்கி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் விட்டுப்போயிருந்தது. அந்த வண்டியை யார் ஓட்டப்போகிறார், அவருக்கு என்ன வயசு என்று அந்தப் பக்கத்தில் யாருமே கேட்கவில்லை. குறை சொல்லவில்லை. அதைக் கேட்க எனக்கே ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது, அதுவும் அமெரிக்கா வரைக்கும் போய்த்தான் புத்தி வந்தது. கடிதம் நீண்டால் வெட்டிக்கொள்ளுங்கள். ஏர்பேக் சமாச்சாரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் ராசிபுரம் பக்கம். கிளீனராக லாரியில் ஏறி, டிரைவராகி, முதுகு போன பிறகு நாமக்கல்லில் பட்டறையில் உட்கார்ந்தவன். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டரில் கோளாறு என்று சொல்லுவேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. அந்தப் பேச்சை நம்பித்தான் எதிர் வீட்டுப் பையன் போன வாரம் வந்து நின்றான். 18 முடிந்து நாலு மாசம் ஆகிறது. பழைய குட்டியானை ஒன்று பார்த்து வைத்திருக்கிறானாம், காய்கறி லோடு அடிக்கப்போகிறானாம். "நீங்க வந்து இன்ஜின் சத்தத்த மட்டும் கேட்டுச் சொல்லுங்க தாத்தா, போதும்" என்றான். மூணு மாசத்துக்கு முன்னால் என்றால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். இப்போது போகவில்லை. ஏன் என்பதற்கு டெக்ஸாஸ் கதையைச் சொல்ல வேண்டும்.

மகள் வீடு ஹூஸ்டன் நகரத்துக்கு மேற்கே, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. சித்திரையில் போய் ஆறு மாசம் இருந்துவிட்டு வந்தேன். பேரனுக்கு 16 வயசு. அவன் படிக்கிற பள்ளிக்கூடத்தில் விவசாயத்துக்கு என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஆடோ பன்றியோ கன்றோ வளர்த்து, இலையுதிர் காலத்தில் ரோசன்பர்க்கில் நடக்கிற கவுண்டிக் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இவன் வளர்த்தது போயர் கிடா. கம்ப்யூட்டர்காரர் மகன் கிடா வளர்க்கிறான் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆடு வீட்டில் இல்லை, பள்ளிக்கூடத்துக்கென்றே இருக்கிற கொட்டகையில். காலையும் சாயங்காலமும் போய்த் தீவனம் போட வேண்டும். மூட்டை ஒன்று 50 பவுண்டு, நம் கணக்கில் கிட்டத்தட்ட 23 கிலோ. என் மகள் தன் காரின் பின்சீட்டில் வைக்கோல் கட்டை ஏற்றி, அந்தத் தூசியோடு ஆபீஸ் போய்க்கொண்டிருந்தாள். அதனால் பையன் டிரக் கேட்டதில் நியாயம் இருந்தது.

அங்கே டிரக் என்றால் நம் லாரி அல்ல. முன்னால் காரின் மூக்கு, பின்னால் திறந்த தொட்டி. நம் ஊர் பொலேரோ பிக்கப்பை நெய் ஊற்றி வளர்த்த மாதிரி இருக்கும். ஃபோர்டின் எஃப் வரிசைதான் 1977-லிருந்து அந்த நாட்டில் அதிகம் விற்கிற பிக்கப். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வண்டி நிறுத்துகிற இடத்தைப் போய்ப் பார்த்தேன். பாதி டிரக்குகள்தான். சிலது தூக்கிக் கட்டி, டயர் என் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதன் மூக்குக்கு முன்னால் ஐந்து வயசுக் குழந்தை நின்றால் உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. பேரன் ஆசைப்பட்டதும் அந்த மாதிரி ஒன்றுக்குத்தான், கருப்பு நிறத்தில்.

மாப்பிள்ளை பழைய கேம்ரி கார் வாங்கித்தருகிறேன் என்றார். பையன் முகத்தைத் தூக்கிக்கொண்டான். இரண்டு வருஷமாகப் புல் வெட்டிச் சேர்த்தது 3,800 டாலர் அவனிடம் இருந்தது. கடைசியில் மாப்பிள்ளை, "மாமா, நீங்களே கூடப் போய்ப் பார்த்துச் சொல்லுங்க. மொத்தம் 14,000 டாலருக்குள்ள முடிக்கணும்" என்று என் தலையில் கட்டினார். எனக்கும் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

முதலில் பார்த்தது 2006 எஃப்-150, 5.4 லிட்டர் இன்ஜின், ஒரு வீட்டு வாசலில். போனதும் பானெட் மேல் புறங்கையை வைத்தேன். சூடு. நாங்கள் வரும் முன்பே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டு அணைத்திருக்கிறார். காலைக் குளிரில் இன்ஜின் எழும்போது வருகிற சத்தத்தை மறைக்க நாமக்கல்லில் செய்கிற அதே வேலை. சிரித்துக்கொண்டேன். ஆனால் அந்த வண்டியின் நோய் வேறு மாதிரி. சூடான பிறகு ஐடிலில் விட்டால்தான் டொக் டொக்கென்று தையல் மெஷின் மாதிரி அடித்தது. மறைக்கப் போனவரே காட்டிக்கொடுத்துவிட்டார். அந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் நேரத்தை மாற்றிக் கொடுக்கிற பாகம் தேய்ந்தால் வருகிற சத்தம் அது என்று பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார். அதைவிடப் பெரிய கூத்து ஸ்பார்க் பிளக். 2004-லிருந்து நாலைந்து வருஷம் அந்த இன்ஜினில் போட்ட பிளக் இரண்டு துண்டாக ஒட்டிச் செய்தது. கழற்றும்போது மேல் துண்டு கையோடு வரும், கீழ்த் துண்டு இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டுக்குள் இருந்துகொள்ளும். எட்டு பிளக் மாற்றப் போய் ஹெட்டைக் கழற்றுகிற வேலை. தாண்டி வந்துவிட்டோம்.

அடுத்தது 2015 எஃப்-150. இங்கேதான் மானம் போனது. என்னிடம் ஒரு காந்தம் உண்டு. பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது, பெயின்ட்டில் கீறல் விழக்கூடாது என்று வேட்டித் துணியில் சுற்றித் தைத்திருக்கும். வண்டி அடிபட்டு டிங்கர் வேலை பார்த்து பள்ளத்தைப் பட்டி என்கிற பசை வைத்து மூடியிருந்தால் அந்த இடத்தில் காந்தம் பிடிக்காது, வழுக்கிவிடும். முப்பது வருஷமாக அதுதான் என் சாட்சி. ஊரிலிருந்து கிளம்பும்போது என்ன நினைப்போ, ஊறுகாய் பாட்டிலோடு அதையும் பெட்டியில் போட்டுக்கொண்டேன். அந்த வண்டியின் கதவில் வைத்தேன், நிற்கவில்லை. பின் கதவில் வைத்தேன், நிற்கவில்லை. மட்கார்டு, பானெட், எங்கேயும் ஒட்டவில்லை. "கண்ணு, இது முழு வண்டியுமே பட்டிடா! எங்கியோ உருண்டு எந்திரிச்ச வண்டி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். விற்கிறவருக்குத் தமிழ் தெரியாதது புண்ணியம். பையன் குனிந்து சிரித்துக்கொண்டே, "அப்புச்சி, இது அலுமினியம்" என்றான். 2015-லிருந்து அந்த மாடலின் பாடியை அலுமினியத்தில்தான் கட்டுகிறார்களாம். அடியில் சேசிஸ் மட்டும் இரும்பு. அங்கே வைத்தேன், டப்பென்று பிடித்துக்கொண்டது. அப்புறம் கதவு இடுக்குகள் சமமாக இருக்கிறதா, போல்ட் தலைகளில் ஸ்பேனர் பட்ட தழும்பு இருக்கிறதா, ரப்பர் ஓரத்தில் பெயின்ட் தெறித்திருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. வண்டி நல்ல வண்டிதான். டர்போ இன்ஜின், 300 குதிரைக்கு மேல் சக்தி. விலையும் எங்கள் கைக்கு மேல்.

மூன்றாவது ஒரு பழைய வண்டிக் கடையில் நின்ற சில்வராடோ பிக்கப். விலை ஆச்சரியமாகக் குறைவு. கதவைத் திறந்ததும் மல்லிகை மாதிரி ஒரு சென்ட் வாசனை முகத்தில் அடித்தது. எனக்கு உடனே 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து எங்கள் பக்கம் வந்த வண்டிகள் ஞாபகம் வந்தது. அதுகளிலும் இப்படித்தான் வாசனை மணக்கும். ஹூஸ்டனுக்கு 2017-ல் ஹார்வி புயல், ஊரே மிதந்திருக்கிறது. நான் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது எவ்வளவு வருமோ அவ்வளவும் இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் காப்பிக் கறை மாதிரி சேற்றுக் கோடு. சீட்டைத் துவைக்கிறவன், பாயை மாற்றுகிறவன் பெல்ட்டின் அடி நுனியை மறந்துவிடுவான். வண்டியின் உரிமைப் பத்திரத்தில் வெள்ளம் என்று ஒரு வார்த்தை கிடையாது. கடைக்காரர் தோளைக் குலுக்கினார், நாங்கள் கிளம்பிவிட்டோம். பேரன் அன்று என்னைப் பார்த்த பார்வையில் காந்தத்தில் போன மானம் திரும்பி வந்தது.

அந்தத் தெம்பில்தான் நாலாவது வண்டியில் சறுக்கினேன். 2006 ஃபோர்டு ரேஞ்சர். சின்ன வண்டி, எளிமையானது, தரையோடு ஒட்டி நிற்கும். விலையும் கம்மி. இன்ஜின் குளிர்ந்து கிடந்தது, ஒரே செல்ஃபில் எடுத்தது. பத்து நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு குறை இல்லை. ஆயில் ஸ்டிக்கை இழுத்து விரலில் தேய்த்தேன், சுத்தம். ரேடியேட்டர் மூடியில் பிசுக்கு இல்லை. பின் அச்சின் நடுவில் பல்சக்கரம் இருக்கிற கிரவுனில் சத்தம் இல்லை. "எடுத்துக்கலாம் கண்ணு. இது கோவில் மாடு" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கூட வந்திருந்த மகள்தான், "இருங்கப்பா, நம்பரைப் போட்டுப் பார்க்கட்டும்" என்றாள். முன் கண்ணாடிக்கு அடியில் 17 எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு நம்பர் இருக்கும், நம் சேசிஸ் நம்பர் மாதிரி. அந்த நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் அதைப் போட்டால், கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய கோளாறு எது பாக்கி என்று காசில்லாமல் காட்டிவிடும். பையன் போட்டான். சிவப்பில் வந்தது. டக்காடா என்கிற கம்பெனியின் ஏர்பேக், மாற்றவில்லை.

எனக்கு அது என்னவென்றே தெரியாது. மகள் விளக்கினாள். மோதும்போது பையை ஊதவைக்க உள்ளே ஒரு இரும்புக் குப்பியில் வெடிமருந்து மாதிரி ஒரு உப்பு இருக்கும். வருஷக்கணக்கான வெக்கையிலும் ஈரத்திலும் அது கெட்டுப்போனால், பையை ஊதுவதற்குப் பதில் குப்பியே வெடித்து இரும்புச் சில்லு ஓட்டுகிறவர் கழுத்தில் பாயும். அமெரிக்காவில் மட்டும் ஆறு கோடிக்கு மேல் இந்தக் குப்பிகளைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். 2006 ரேஞ்சர்களில் ஒரு பகுதியை ஓட்டவே வேண்டாம் என்று 2018-ல் ஃபோர்டு கம்பெனியே சொன்னது. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ரிச்மண்ட் என்று ஊர். 2016-ல் அங்கே 17 வயசுப் பெண் ஒருத்தி 2002 ஹோண்டா சிவிக் ஓட்டிப்போய் முன்னால் இருந்த வண்டியில் இடித்தாள். பெரிய மோதல் இல்லை. ஏர்பேக் சில்லுதான் உயிரைக் குடித்தது. நாங்கள் தினமும் பால் வாங்கப் போகிற பக்கம்.

நான் சொன்னது பொய்யில்லை. இன்ஜின் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் பேரன் உட்காரப்போகிற சீட்டுக்கு ஒரு அடி முன்னால் என்ன இருக்கிறது என்று எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வீட்டம்மா, "ஜெட் லேக் இன்னும் போவலையா?" என்று கேட்டாள். போய் மூணு மாசம் ஆகியிருந்தது.

தூக்கம் வராமல் கிடந்தபோது தொப்பூர் ஞாபகம் வந்தது. 1972. எனக்கு 17 வயசு, கிளீனர். பெங்களூரில் லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வருகிறோம். கிருஷ்ணகிரி தாண்டியதும் டிரைவர் அண்ணன், "கொஞ்ச நேரம் புடிடா" என்று ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். நல்ல வண்டி. புது பிரேக் லைனர், நாலு நாள் முன்னால்தான் மாட்டியது. தொப்பூர் இறக்கத்தில் தூறல். முன்னால் ஒரு மாட்டு வண்டி தெரிந்ததும் பயந்துபோய் பிரேக்கை ஒரே மிதி. வெறும் வண்டிக்குப் பின்னால் கனம் கிடையாது, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டுக்குக் குறுக்கே எருமை மாதிரி நின்றது, பாறைக்கு இரண்டு முழம் முன்னால். அண்ணன் எழுந்து ஒரு அறை விட்டார். அப்புறம் அடுத்த கடையில் டீ வாங்கிக் கொடுத்தார், அவர் கையும் நடுங்கியது. அந்த வண்டியை எந்த மெக்கானிக் பார்த்திருந்தாலும் 'ஒரு குறை இல்லை' என்றுதான் எழுதிக் கொடுத்திருப்பார்.

பிக்கப்பும் அதே சாதிதான். பின்னால் தொட்டி காலி, கனமெல்லாம் முன்னால். ஈர ரோட்டில் வளைவில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகம் கொடுத்தால் பின்பக்கம் சுற்றும். மறுநாள் காலையில் பேரனை உட்காரவைத்துப் பேசினேன். வண்டி வழுக்க ஆரம்பித்தால் எந்தச் சக்கரத்தைப் பிடித்து நேராக்க வேண்டும் என்று பார்த்துத் தானாகவே பிரேக் போடுகிற ஒரு ஏற்பாடு இப்போது உண்டு. எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் என்பார்கள். அந்த நாட்டில் 2012 மாடலிலிருந்து கார், பிக்கப் எல்லாவற்றுக்கும் கட்டாயம். அதனால் 2012-க்கு முந்தியது வேண்டாம். தூக்கிக் கட்டியது வேண்டாம். இன்ஜின் சின்னதாக இருக்கட்டும். "அப்ப பாட்டி ஓட்டற டிரக்குதான் கிடைக்கும்" என்றான். "உங்க அம்மாயி ஓட்டுனா வண்டி முப்பது வருஷம் வரும்டா" என்றேன். சிரிக்கவில்லை. இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது, கருப்பு நிறத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுத்தேன்.

கிடைத்தது 2013 டொயோட்டா டகோமா, 2.7 லிட்டர், நாலு சிலிண்டர், 159 குதிரை. இதிலேயே பெரிய இன்ஜின் 236 குதிரை. பையனுக்கு அதில்தான் கண், பேசாமல் இருந்துவிட்டான். ஓட்டம் 1,28,000 மைல். அவன் அது அதிகம் என்று பயந்தான். இரண்டு லட்சம் கிலோமீட்டர் எனக்கு ஒரு கணக்கா? லைன் லாரி இரண்டு வருஷத்தில் ஓடிவிடும். காந்தத்தை எடுத்தேன். கதவெல்லாம் பிடித்தது. தொட்டியின் உள்பக்கம் மட்டும் பிடிக்காது, அது ஏதோ கலவையில் வார்த்தது என்று பையன் முன்கூட்டியே எச்சரித்துவிட்டான், இன்னொரு முறை நான் கத்தக்கூடாதே என்று. இந்த வண்டிக்கு ஒரு பழைய பழி உண்டு. சேசிஸ் துருப்பிடித்து ஓட்டை விழும் என்பது. 2005 முதல் 2010 வரை வந்த டகோமாக்களுக்கு, அதற்காகப் போட்ட வழக்கில் கம்பெனி சேசிஸையே மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2011 வரை வந்ததில், பின்னால் வண்டியின் கனத்தைத் தாங்குகிற கமான் பட்டை உடைகிறது என்று 2014-ல் கிட்டத்தட்ட ஏழு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கமான் பட்டை உடைவது எனக்குத் தாய்மொழி மாதிரி, அதனால் அதைக் கேட்டதும் ஒரு நெருக்கம் வந்துவிட்டது. எங்களுடையது அதற்கெல்லாம் பிந்தியது. குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுகிற ஊர்களில் ஓடாமல் டெக்ஸாஸிலேயே இருந்த வண்டி. 17 எழுத்தையும் போட்டுப் பார்த்தோம், பாக்கி ஒன்றும் இல்லை.

அப்படியும் நானே முடிவு சொல்லவில்லை. விற்கிறவரிடம் கேட்டு, வண்டியை வெளி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். என் வயசுக்காரர், மெக்சிகோவிலிருந்து வந்தவர், ஸ்பானிஷ்தான் பேசுவார். எனக்கு ஸ்பானிஷும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. வண்டியை லிஃப்டில் தூக்கியதும் இருவரும் அடியில் நின்றோம். அவர் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போனார், ணங் ணங் என்று. ஒரு இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். நானும் தட்டிப் பார்த்துத் தலையாட்டினேன். கிரவுன் ஹவுசிங் ஓரத்தில் ஈரம். அவர் விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, முகர்ந்து, என் விரலிலும் தடவினார். சீல் கசிகிறது, உள்ளே பல் தேயவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் இருவரும் அதே முடிவுக்கு வந்தோம். 150 டாலர் வாங்கினார். அந்தச் சீலைக் காட்டி மாப்பிள்ளை விலையில் 400 குறைத்தார். இந்த வேலையை இப்போது அங்கே தவறாமல் செய்ய வேண்டும், ஏனென்றால் டெக்ஸாஸில் சொந்த வண்டிகளுக்கு இருந்த வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையை 2025 ஜனவரி 1-லிருந்து எடுத்துவிட்டார்கள். சில கவுண்டிகளில் புகை மட்டும் பார்க்கிறார்கள். நம் ஊரில் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குப் போகிற வாரமாவது பிரேக் பிடிக்கும்.

பத்திரம் மாற்றுவதில் மாப்பிள்ளை அவசரப்பட்டார், நான் விடவில்லை. 1998-ல் நான் ஒரு பழைய லாரியை விற்றேன், வாங்கியவர் பேர் மாற்றுகிற ஃபார்ம் 29, 30-ல் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். பேர் மாற்றவே இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து அந்த வண்டி எங்கோ ஒருவரை இடித்ததற்கு என் வீட்டுக்குக் கோர்ட் நோட்டீஸ் வந்தது. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. எனக்கு அது இருபது வருஷம் முன்பே தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு தெரிந்துகொண்டது. அதனால் விற்கிறவரையும் கூட்டிக்கொண்டு கவுண்டி வரி அலுவலகத்துக்கே போனோம். கவுன்டரில் வைத்து, அவர் முன்னாலேயே பேர் மாற்ற எழுதிக்கொடுத்து, 6.25 சதவீதம் வரி கட்டி, அவர் தன் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்ட பிறகுதான் கை குலுக்கினோம்.

மறுநாள் ஹூஸ்டன் பக்கத்து ஊரான பேர்லாண்டில் மீனாட்சி கோவிலில் பூஜை. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிற அந்த ஒரு அடி தூரத்தை ஓட்ட பேரனுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அங்கே 16 வயசில் கிடைப்பது அரைகுறை லைசென்ஸ்தான். அதற்கு முன் ஆறு மாசமாவது பழகுநர் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 30 மணி நேரம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும், அதில் 10 மணி நேரம் ராத்திரியில். கிடைத்த பிறகும் நடுராத்திரி 12-லிருந்து 5 வரை வேலை, பள்ளி, அவசரம் தவிர ஓட்டக்கூடாது. குடும்பம் அல்லாத, 21 வயசுக்குக் கீழானவர் ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது. பின் தொட்டியில் 18 வயசுக்குக் கீழான பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டினால் குற்றம். மினி லாரியில் ஊரையே ஏற்றிக்கொண்டு கிடாவெட்டுக்குப் போன எனக்கு அது விசித்திரமாக இருந்தது, அப்புறம் வெட்கமாகவும் இருந்தது. மழை பெய்த ஒரு ஞாயிறு, காலியான பெரிய பார்க்கிங்கில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார, நான் பின்னால் உட்கார, வெறும் வண்டி எப்படி வழுக்கும் என்று அவனையே மெதுவாகச் செய்து பார்க்கவைத்தோம். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் விரல் மூட்டுகள் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். ஊருக்குக் கிளம்பும் முன் நான் பார்த்த முதல் லோடு இரண்டு மூட்டை ஆட்டுத் தீவனம். பின் அச்சுக்கு நேராக வைக்கச் சொன்னேன்.

எதிர் வீட்டுப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். குட்டியானை சரக்கு வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 4-ஆம் பிரிவுப்படி 20 வயசு ஆகாதவர் அந்த மாதிரி வாடகை, சரக்கு வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டக்கூடாது. கார் லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோ வரைக்கும் சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது என்பது சரிதான். அதை வைத்துக்கொண்டு 18 ஆனால் போதும் என்று பழைய வண்டி புரோக்கர்கள் பையன்களுக்குச் சொல்லி விற்கிறார்கள். தீர்ப்பு லைசென்ஸ் வகையைப் பற்றியது, வயசு அப்படியே 20-தான். 18 வயசில் ஓட்டி ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கை விரிக்க அந்த ஒரு காரணம் போதும். உங்கள் ஞாயிறு இணைப்பில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். எங்கள் பக்கம் ஊருக்கு நாலு பையன்கள் இப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பையனிடம் சொன்னேன். ஒன்றே முக்கால் வருஷம் யாராவது நல்ல டிரைவருடன் லோடு ஏற்றி இறக்கப் போ, பணத்தைச் சேர்த்து வை, 20 ஆனதும் நானே வந்து வண்டி பார்க்கிறேன் என்று. முறைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் என் பக்கமே திரும்பவில்லை. நேற்று சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "அந்தக் காந்தத்த மட்டும் குடுங்க தாத்தா, சும்மா பாத்து வெச்சுக்கறேன்" என்கிறான்.

அது என்னிடம் இல்லை. டெக்ஸாஸில், டகோமாவின் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கிறது. பேரன் கேட்டான், கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய லாரிக்காரன்,
ராசிபுரம்.